லேப்டாப் திரை உடைந்துவிட்டதா? வேறு திரையில் இணைத்து உள்ளே நுழைவது எப்படி

திரை நொறுங்கிய லேப்டாப்பைப் பார்த்ததும் உள்ளே இருந்த படங்கள், ஃபைல்கள், கணக்குகள் எல்லாமே போய்விட்டதாகத் தோன்றும். பயப்பட வேண்டாம். மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வழியாகப் படத்தை வாங்கிக் காட்டுவது மட்டுமே திரையின் வேலை. ப்ராசஸர், மெமரி, ஸ்டோரேஜ் மூன்றும் கீபோர்டுக்கு அடியில் தனியாக இருக்கின்றன. அதே படத்தை வேறு போர்ட் வழியாக மானிட்டருக்கோ டிவிக்கோ அனுப்பிவிட்டால் லேப்டாப் பழையபடி வேலை செய்யும்.

ஒரே ஒரு சிக்கல்தான். படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கே ஒரு திரை வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் கீபோர்டை மட்டும் வைத்துச் செய்வதற்கு வழி இருக்கிறது. நிதானமாக, ஒவ்வொரு அடியாகப் போனால் பெரும்பாலான லேப்டாப்களில் சில நிமிடங்களில் படம் வந்துவிடும்.

கெட்டது திரைதானா?

லேப்டாப்பை ஆன் செய்து ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு அழுத்தும்போதெல்லாம் எரிந்து அணைந்தால் உள்ளே கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. விளக்கு அசையவே இல்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால் பிரச்சினை திரையோடு நிற்கவில்லை; வெளி மானிட்டர் அதைத் தீர்க்காது.

கண்ணாடி விரிசல் விட்டு, மையைக் கொட்டியதுபோல் கறுப்புத் திட்டு பரவியிருந்தால் பேனல் போய்விட்டது. விரிசல் ஏதும் இல்லாமல் திரை முழுக்க இருட்டாக இருந்தால், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் படம் வந்துகொண்டுதான் இருக்கிறது; பின்னால் இருக்கும் பேக்லைட் மட்டும் எரியவில்லை. மூடியை ஆட்டும்போது படம் வந்துவந்து போனால் சந்தேகம் கீல் வழியாகப் போகும் கேபிள்மேல். இந்த மூன்றிலும் வெளி மானிட்டர் கைகொடுக்கும். வெளி மானிட்டரிலும் அதே கோடுகளும் கட்டங்களும் வந்தால் மட்டும் கோளாறு கிராபிக்ஸ் சிப்பில் இருக்கலாம். அதற்கு மதர்போர்டைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி உதிர்ந்துகொண்டிருந்தால் திரைமேல் அகலமான செலோடேப்பை ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேனலிலிருந்து திரவம் கசிந்தால் கையில் படாமல் துடைத்து, கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

எந்த போர்ட், எந்த கேபிள்

லேப்டாப்பின் இரண்டு பக்கமும் பின்பக்கமும் பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும். டிவியும் மானிட்டரும் இரண்டுமே ஏற்கும். பழைய லேப்டாப்களில் இருக்கும் 15 பின் விஜிஏ போர்ட்டும் நன்றாகவே வேலை செய்யும். சத்தம் மட்டும் அதன் வழியாகப் போகாது.

டைப்-சி போர்ட்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வெளியே பார்க்க எல்லா டைப்-சி போர்ட்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிலவற்றில் டேட்டாவும் சார்ஜும் மட்டும்தான் போகும், படம் போகாது. படம் போக வேண்டுமானால் அந்த போர்ட்டில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி இருக்க வேண்டும். போர்ட் பக்கத்தில் டி (D), பி (P) இரண்டும் பிணைந்ததுபோன்ற டிஸ்ப்ளேபோர்ட் குறியோ, தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால் படம் வரும். குறி இல்லையென்றால் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போனில் தேடி, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கேபிளும் முக்கியம். போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் படத்தைக் கொண்டுபோகும் கம்பிகளே இருக்காது.

அடாப்டர் வாங்கும்போது திசையைக் கவனியுங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கேபிளைத் திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் அதற்கென்றே தனி கன்வெர்ட்டர் உண்டு. பெரும்பாலும் யூஎஸ்பி வழியாக மின்சாரமும் கேட்கும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவதானாலும் உள்ளே சிப் இருக்கும் கன்வெர்ட்டர்தான் தேவை, வெறும் கம்பிக் கேபிள் போதாது.

சாதாரண யூஎஸ்பி போர்ட்டில் செருகி எச்டிஎம்ஐ எடுக்கும் அடாப்டர்களை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். டிஸ்ப்ளேலிங்க் போன்ற சிப்பில் ஓடும் அவற்றுக்கு முதலில் டிரைவர் போட வேண்டும். திரையே தெரியாதபோது டிரைவரை எப்படிப் போடுவது? ஏற்கெனவே டிரைவர் இருக்கும் லேப்டாப்புக்கு மட்டுமே அது உதவும்.

விண்டோஸ்: கண்ணை மூடிக்கொண்டு செய்யும் முறை

லேப்டாப் ஆஃபாக இருக்கும்போதே எல்லாவற்றையும் மாட்டிவிடுங்கள்: சார்ஜர், மானிட்டர் கேபிள், இருந்தால் ஒரு யூஎஸ்பி மவுஸ். மானிட்டரை முதலில் ஆன் செய்து, அதன் பட்டனிலோ டிவி ரிமோட்டிலோ சரியான இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் எச்டிஎம்ஐ 1, 2, 3 என்று இருக்கும். எதில் செருகினீர்களோ அதையே வைக்க வேண்டும். படம் வராததற்கு இதுவே காரணமாக இருப்பது சர்வ சாதாரணம்.

இப்போது லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். பல லேப்டாப்களில் எதுவும் செய்யாமலே மானிட்டரில் படம் வந்துவிடும். வரவில்லையென்றால் இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்:

1. ஸ்பேஸ் பாரை ஒருமுறை அழுத்துங்கள். பூட்டுத்திரை விலகி, பின் அல்லது பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வரும். மூன்று விநாடி பொறுங்கள்.

2. பேக்ஸ்பேஸைப் பத்துமுறை தட்டுங்கள். தவறிப்போய் ஏதாவது எழுத்து விழுந்திருந்தால் அழிந்துவிடும்.

3. பின் அல்லது பாஸ்வேர்டை மெதுவாக அடித்து என்டர் தட்டுங்கள். கைரேகை வைத்திருந்தால் விரலை வைத்தாலே போதும். பின்னில் எண்கள் இருந்தால் எழுத்துகளுக்கு மேலே உள்ள எண் வரிசையையே பயன்படுத்துங்கள். வலப்பக்க எண் கீகள் நம் லாக் (Num Lock) அணைந்திருந்தால் வேலை செய்யாது.

4. டெஸ்க்டாப் வர 30 விநாடி கொடுங்கள்.

5. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு பி (P) எழுத்தைத் தட்டி, இரண்டையும் விடுங்கள். இரண்டு விநாடி கழித்து கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை, பிறகு என்டர்.

6. பத்து விநாடி காத்திருங்கள். படம் வராவிட்டால் ஐந்தாவது அடியை மீண்டும் செய்யுங்கள்.

ஐந்தாவது அடி ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பதற்றம் குறையும். அந்தக் கீகள் திறக்கும் பட்டியலில் நான்கு வரிகள் உண்டு: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டு திரையாக விரிப்பது, வெளித்திரை மட்டும். இப்போது எந்த வரி நடப்பில் இருக்கிறதோ அங்கேதான் தேர்வு நிற்கும். ஒருமுறை கீழே போய் என்டர் தட்டினால் அடுத்த வரிக்கு மாறும். படமே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் முதல் வரியில் இருக்கிறீர்கள். ஒரு படி இறங்கினாலே மானிட்டரில் படம் வந்துவிடும்.

மானிட்டரில் வால்பேப்பர் மட்டும் தெரிகிறது, ஐகானோ லாகின் பெட்டியோ இல்லை என்றால் நீங்கள் மூன்றாவது வரியில், விரித்த நிலையில் இருக்கிறீர்கள். எல்லா ஜன்னல்களும் உடைந்த திரையில் திறந்துகொண்டிருக்கும். இன்னொருமுறை ஐந்தாவது அடியைச் செய்தால் வெளித்திரை மட்டும் என்ற நிலைக்கு வந்துவிடும். கடைசியாக இந்த நிலையில்தான் விட வேண்டும். இரண்டிலும் ஒரே படம் என்ற நிலையில் விட்டால், உடைந்த பேனலின் அளவுக்கே மானிட்டரும் இறங்கி எழுத்து மங்கலாகத் தெரியலாம்.

எந்த இடத்தில் நிற்கிறோம் என்றே தெரியவில்லையா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் நரேட்டர் என்ற வாசிப்பான் இருக்கிறது. விண்டோஸ் கீ, கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லத் தொடங்கும். லாகின் திரையிலும் பேசும். முன்னதாக சத்தம் கூட்டும் கீயைப் பலமுறை தட்டிக்கொள்ளுங்கள். பேச்சு அதிகமானால் கன்ட்ரோல் கீயைத் தட்டினால் நிற்கும். முழுதாக அணைக்க அதே மூன்று கீகள். இதை நிறைய பேர் பயன்படுத்துவதில்லை. பார்வையற்றவர்களுக்காக உருவான இந்த வசதி இந்த வேலையைப் பாதி சுலபமாக்கிவிடுகிறது. பட்டியலில் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்பதைக் காதாலேயே கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு உதவி: விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், பீப் என்று ஒரு சத்தம் வரும். மானிட்டர் தூங்கிக் கிடந்தால் சிலசமயம் இதிலேயே விழித்துக்கொள்ளும்.

லேப்டாப்பின் மேல்வரிசையில் திரை படம் போட்ட கீ ஒன்றும் இருக்கலாம். மாடலுக்கு மாடல் இடம் மாறும். திங்க்பேடில் எஃப்7, எச்பியில் பல மாடல்களில் எஃப்4, ஏசரில் எஃப்5. சிலவற்றில் எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்த வேண்டும். அதுவும் இதே பட்டியலைத்தான் திறக்கும்.

செய்யக்கூடாத இரண்டு

படம் வரவில்லை என்ற எரிச்சலில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மீண்டும் மீண்டும் அணைக்காதீர்கள். விண்டோஸ் முழுதாக எழும்முன் இப்படித் தொடர்ந்து அணைத்தால், ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அது பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விடும். அந்தத் திரை உடைந்த பேனலிலேயே வந்து நின்றால் வேலை இரட்டிப்பாகும். அணைத்தே ஆக வேண்டும் என்றால், லாகின் ஆன நிலையில் விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு யூ, மறுபடி யூ என்று வரிசையாகத் தட்டினால் முறையாக அணையும்.

பின்னையும் குருட்டாம்போக்கில் பலமுறை அடிக்க வேண்டாம். தொடர்ந்து தப்பானால் விண்டோஸ் நிறுத்திவைத்து, ஏ1பி2சி3 (A1B2C3) என்று அடித்தால்தான் மேலே விடுவேன் என்று சொல்லும். திரை தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்? இரண்டுமுறை தவறினால் நரேட்டரை ஆன் செய்து கேட்டுக்கொண்டே அடியுங்கள்.

படம் வந்ததும் முதலில் என்ன?

பேக்கப். மற்றதெல்லாம் அப்புறம். கீழே விழுந்த லேப்டாப்பில் திரை மட்டும்தான் அடிபட்டது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் கணக்கோடு சிங்க் ஆகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கூடவே, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எடுத்து வையுங்கள். புதிய லேப்டாப்கள் பலவற்றில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அந்த 48 இலக்கச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனிலிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நாளை டிஸ்க்கைக் கழற்ற நேர்ந்தால் இது இல்லாமல் ஒரு ஃபைலும் திறக்காது.

தொடுதிரை லேப்டாப் என்றால் இன்னொரு வேலை உடனே இருக்கிறது. விரிசல் விட்ட தொடுதிரை, யாரும் தொடாமலே தொட்டதாக நினைத்துக்கொள்ளும். மவுஸ் அம்பு மூலைக்கு ஓடும், மெனு தானாகத் திறந்து மூடும், நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் மாறும். வைரஸோ என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு எம் தட்டி டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற தலைப்பின்கீழ் டச் ஸ்கிரீன் என்று முடியும் வரியை வலது கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். அதோடு ஆட்டம் நின்றுவிடும்.

ஏதாவது ஜன்னல் உடைந்த திரையிலேயே மாட்டிக்கொண்டால், ஆல்ட்டும் டேபும் தட்டி அதைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் கீ, ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு இடது அல்லது வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். அடுத்த திரைக்குத் தாவி வரும். டிவியில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் கோளாறு லேப்டாப்பில் இல்லை. டிவியின் படச் செட்டிங்ஸில் ஓவர்ஸ்கேனை அணைக்க வேண்டும்.

பயாஸ் திரை, மீட்புத் திரை

விண்டோஸ் எழுந்த பிறகு படம் நன்றாக வருகிறது. ஆனால் விண்டோஸுக்கு முன்னே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையும், பிட்லாக்கர் சாவி கேட்கும் கேள்வியும் உடைந்த திரையிலேயே நிற்கின்றன. இது பலருக்கும் வரும் தடை. விண்டோஸ் எழும்முன் எந்தத் திரையில் படம் காட்டுவது என்பதை மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர்தான் முடிவு செய்கிறது. உள் பேனல் மாட்டியிருக்கும்வரை அது அங்கேயே காட்டப் பார்க்கும்.

முதல் முயற்சி சுலபம்: வெளி கீபோர்டு ஒன்றைச் செருகி, பவர் பட்டனை அழுத்திய உடனே மூடியை மூடிவிடுங்கள். மூடி மூடியிருந்தால் பல லேப்டாப்கள் தொடக்கத் திரையை மானிட்டருக்கு அனுப்பிவிடும். டாக் (பல போர்ட்கள் கொண்ட இணைப்புப் பெட்டி) வழியாக இணைத்திருந்தால் அதை விட்டுவிட்டு லேப்டாப்பின் சொந்த எச்டிஎம்ஐயில் மாட்டிப் பாருங்கள். டாக்குகள் சிலவற்றில் விண்டோஸ் எழுந்த பிறகுதான் படம் வரும்.

அதிலும் வரவில்லையென்றால் உள் பேனலின் கேபிளைக் கழற்றுவதுதான் உறுதியான வழி. பேனல் இல்லை என்று தெரிந்ததும் ஃபர்ம்வேர் வெளித்திரையைத் தேடும். சார்ஜரை எடுத்து, அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. பேனல் கேபிளில் பேக்லைட்டுக்கான மின்சாரமும் போகிறது. பேட்டரி மாட்டியிருக்கும்போது அதை இழுத்தால் பின்கள் உரசி, மதர்போர்டில் இருக்கும் பேக்லைட் ஃப்யூஸ் போய்விடலாம். பிறகு புதுப் பேனல் வாங்கி மாட்டினாலும் திரை இருட்டாகவே இருக்கும். பேட்டரியை எடுத்தபின் பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடித்து, கீலுக்கு அருகே மதர்போர்டில் முடியும் 30 அல்லது 40 பின் கனெக்டரைத் தேடுங்கள். மேலே சிறு உலோகக் கொக்கி இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, டேப் இருந்தால் உரித்துவிட்டு, கேபிளைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரின் இரு ஓரங்களையும் நகத்தால் மெல்ல நகர்த்தி எடுங்கள். பிறகு பேட்டரியை மாட்டி ஆன் செய்யுங்கள்.

மேக்புக், குரோம்புக், லினக்ஸ்

மேக்புக்கில் வேலை எளிது. சார்ஜர், வெளி மானிட்டர், வெளி கீபோர்டு, மவுஸ் நான்கையும் மாட்டிவிட்டு மூடியை மூடி வைத்தால், வெளி மானிட்டரே முதன்மைத் திரையாகிவிடும். தூங்கியிருந்தால் வெளி கீபோர்டில் ஒரு கீயைத் தட்டுங்கள். மூடியைத் திறந்தே வைக்க வேண்டுமானால், கமாண்ட் கீயோடு வெளிச்சம் குறைக்கும் கீயை அழுத்தினால் இரண்டு திரையிலும் ஒரே படம் வரும். கமாண்டும் எஃப்5-உம் சேர்த்தால் மேக்கின் வாசிப்பானான வாய்ஸ்ஓவர் பேசத் தொடங்கும்.

குரோம்புக்கில் கன்ட்ரோலோடு மேல்வரிசையில் உள்ள முழுத்திரை கீயை அழுத்துங்கள். உபுண்டு போல க்னோம் ஓடும் லினக்ஸில் விண்டோஸ் கீயும் பி-யும் (P) அங்கேயும் இதே வேலையைச் செய்கின்றன. பட்டியல் மட்டும் வேறு. கீயைப் பிடித்துக்கொண்டே பி-யைத் தட்டத் தட்ட நகரும், விட்டதும் தேர்வாகும்.

எதற்கும் படம் வரவில்லையென்றால்

டேட்டாவாவது வேண்டும் என்றால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். பழைய லேப்டாப்களில் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் இருக்கும். அதற்கு சாட்டா-யூஎஸ்பி கேபிள் போதும். புதியவற்றில் மெல்லிய எம்.2 எஸ்எஸ்டி, பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதை மாட்டி யூஎஸ்பியில் செருகும் கேஸ் வாங்கும் முன், எஸ்எஸ்டி என்விஎம்இ வகையா சாட்டா வகையா என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் பாருங்கள். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், என்விஎம்இக்கு மட்டும் செய்த கேஸ் சாட்டாவைப் படிக்காது. இரண்டுக்கும் பொதுவான கேஸ் வாங்கினால் குழப்பம் இல்லை. ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்களிலும் ஈஎம்எம்சி வைத்த மலிவு லேப்டாப்களிலும் ஸ்டோரேஜ் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் இந்த வழி கிடையாது.

இப்படியே மேஜைக் கம்ப்யூட்டராக வைத்துக்கொள்வதானால்

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் இரண்டு கட்டத்திலும் டூ நத்திங் வையுங்கள். இல்லையென்றால் மூடியதும் தூங்கிவிடும். கீபோர்டு இடுக்கு வழியாகக் காற்று இழுக்கும் மாடல்களை மூடி வைத்தால் சூடு ஏறும், அவற்றைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். அடிப்பகுதி உப்பியிருக்கிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பேட்டரி வீங்கிவிட்டது என்று பொருள். அதை மாட்டியபடி ஓட்டக் கூடாது.

உடைந்த மேல்மூடியை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா மேல்மூடிக்குள்தான் இருக்கிறது. வைஃபை கார்டிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய வயர்கள் கீல் வழியாக மேலே போவதைப் பார்க்கலாம். மூடியை எடுத்தால் ஆன்டெனாவும் போய், ரௌட்டர் அதே அறையில் இருந்தாலும் சிக்னல் தள்ளாடும். கேமராவும், பல மாடல்களில் மைக்கும் அதோடு போய்விடும். பேனலை மட்டும் கழற்றிவிட்டு மூடியை விட்டுவையுங்கள். மூடியும் வேண்டாம் என்றால் அந்த ஆன்டெனாக்களை வயரோடு உரித்தெடுத்து, உலோகம் இல்லாத இடத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லேன் கேபிள் செருகிக்கொள்ளலாம்.